கை வைத்தால் அடங்கும் பெட்டி

பழவேற்காடு கடைத்தெருவில் விஜயராகவனை எல்லாரும் 'இஞ்சினியர் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பொன்னேரியில் இருபது வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்த மனிதர் அவர். டி.வி.யெல்லாம் சுவரில் மாட்டும் பலகையாகி, கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் காலம் வந்ததும், இங்கே வந்து படகுகளின் வயர்லெஸ் செட்டுகளுக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். இஞ்சினியர் என்று யாராவது கூப்பிட்டால் திருத்த மாட்டார். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், அவ்வளவுதான்.

பக்கத்திலிருந்த புதுத்தோணிக்குப்பத்து மீனவர்களுக்கு வயர்லெஸ் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. ஏரியிலிருந்து கடலுக்குப் போகவும் திரும்பவும் முகத்துவாரம் ஒன்றுதான் வழி. அங்கே மணல் வருஷத்துக்கு ஓர் இடத்தில் மேடு தட்டும். வாடைக் காற்றுக் காலத்தில் மூன்று நான்கு அலைகள் சேர்ந்தாற்போல எழும்பி அந்த மேட்டில் உடையும். கடலிலிருந்து வருகிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும், அது எங்கே உடைகிறது என்று தெரியாது. அதனால் கரையோர மணல்மேட்டில் ஒருவர் நின்று பார்த்து, வயர்லெஸ்ஸில் 'இரு' என்பார், 'வா' என்பார். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் படகு நகரும். பெரும்பாலும் ஊர்த் தலைவர் கண்ணப்பனே அங்கே நிற்பார்.

அந்தக் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று அவர்கள் குறைப்பட்டபோது விஜயராகவன் ஒரு பூஸ்டர் செய்து கொடுத்தார். ஆன்டெனாவில் வந்து சேரும் மெலிந்த குரலை வாங்கிப் பெருக்கித் தரும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு ஐ.சி., நாலைந்து சில்லறைச் சாமான்கள். எதையோ பார்த்து அப்படியே வரைந்துகொண்ட சர்க்யூட். ஏன் அப்படி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனாலும் முதல் ஆறு பெட்டிகளும் இரண்டு வருஷம் ஒழுங்காக உழைத்தன. பிறகு அந்த ஐ.சி. கிடைக்கவில்லை. சென்னையில் கடைக்காரன் புதிது ஒன்றைக் கொடுத்து, பழசைவிடப் பத்து மடங்கு வேகம் என்றான். வேகம் அதிகமென்றால் நல்லதுதானே என்று வாங்கி வந்து, அதே பலகையில், அதே நீள நீள வயர்களோடு மாட்டினார். உப்புக்காற்று படாமல் செட்டையும் பெட்டியையும் ஒன்றாக இறுக்கி, ஓரமெல்லாம் பசை பூசி மூடினார். சனி அங்கேதான் வந்து உட்கார்ந்தது.

புதுப் பெட்டி முதலில் போனது முத்துவின் படகுக்கு. இஞ்சினைக் கிளப்பியதும் செட்டில் குரலுக்குப் பதில் ஒரே சீறல். கரையில் இருபது பேர் நின்று பார்க்கிறார்கள். விஜயராகவன் ஒன்றும் தோன்றாமல், அழுகிற குழந்தையைத் தட்டுவதுபோலப் பெட்டியின் மேல் வலது கையை வைத்தார். சீறல் அடங்கியது. மணல்மேட்டிலிருந்து கண்ணப்பன் பேசியது பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்டது. கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டது.

"சாருக்குக் கைராசி" என்றான் முத்துவோடு கடலுக்குப் போகும் சின்னப்பன்.

அந்த ஊரில் கைராசி என்பது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. புது வலைக்கு முதல் முடிச்சைக் கைராசிக்காரர்தான் போடுவார். அந்த முடிச்சை அப்புறம் வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் ராசி போய்விடும். ஆகவே பூஸ்டர் பெட்டியையும் அன்றிலிருந்து ஒருவரும் தொடவில்லை. ஒரே ஒருத்தன் ஒரே ஒரு தடவை தன் கையை வைத்துப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். வைக்கவில்லை. சீறல் வந்தால் விஜயராகவனுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வருவார், கையை வைப்பார், ஆன்டெனா வயரைக் கொஞ்சம் நகர்த்துவார், சில நாள் தாங்கும். பன்னிரண்டு படகுகளில் அந்தப் பெட்டி ஏறிவிட்டது.

அந்த ஐப்பசியில், ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பாடுச் சீட்டுப் போட்டபோது, சீட்டை எடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். பரம்பரையாக ஊர்க்காரன் கை மட்டுமே போன பானைக்குள் வெளியூர் டி.வி. மெக்கானிக்கின் கை போனது. தோளில் புதுத் துண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு. பொன்னேரியில் சொந்த மச்சான்கூட அவரை மதித்துக் காபி கொடுத்ததில்லை. அன்று ராத்திரி அவருக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கடையின் உள்பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முத்துவின் தங்கை சாமுண்டீஸ்வரி. டிப்ளமோ படித்தவள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. புருஷன் போன பிறகு மகள் தேவதர்ஷினியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். முத்து சொன்னதற்காக விஜயராகவன் அவளை வேலைக்குச் சேர்த்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம், அவள், சீறிக்கொண்டிருந்த ஒரு புதுப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். ஐ.சி. காரணமில்லாமல் கொதிக்கிறது, தானாகவே கத்துகிறது என்றாள். விஜயராகவன், மின்சாரத்தின் அசைவைக் கோடாக வரைந்து காட்டும் தம் பழைய ஸ்கோப்பைப் போட்டுக் காட்டினார். திரையில் கோடு நேராக ஓடியது. இந்தக் கத்தலின் வேகம் அந்த ஸ்கோப்பின் கண்ணுக்குத் தெரியாது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"கோயில்ல ஸ்பீக்கர் எதிர்ல மைக்கைக் கொண்ணாந்தா கூன்னு கத்துமே சார், அதேதான். வெளிய போனது மறுபடி உள்ள வந்து, அதையே பெருக்கி, மறுபடியும் உள்ள வந்துக்கினே இருக்குது. பழைய ஐ.சி. மந்தம், அதால கத்த முடியல. இது வேகம். வேகமானதுக்கு வயர இவ்ளோ நீளம் வுடக்கூடாது. கரண்ட்டு ஏர்ற கால்கிட்டயே ஒரு சின்ன கெப்பாசிட்டர ஒட்ட வெக்கணும்."

அப்படியானால் என் கை வைத்தால் ஏன் அடங்குகிறது என்று கேட்டார் விஜயராகவன். குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது.

"கை வெச்சா அந்தக் கத்தல ஒடம்பு வாங்கிக்குது சார். ஒங்க கைதான்னு இல்ல" என்று சொல்லி, அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். சீறல் நின்றது. தாலி இழந்தவள் கை, வளையல் இல்லாத கை. பெட்டிக்கு அதெல்லாம் தெரியவில்லை.

விஜயராகவனுக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது. அவள் சொன்னது உண்மை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்ததனால்தான் அத்தனை கோபம் வந்தது. இதை வெளியே சொன்னால் வேலை இல்லை என்றார். மறுநாளிலிருந்து அவளுக்குச் செல்போன் கண்ணாடி மாற்றும் வேலை மட்டும் கொடுத்தார். அவள் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கெட்டவன் இல்லை. சிரித்தபடி, நீ படித்தவள்தான், ஆனால் உன் கை படகில் பட்டால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

கார்த்திகை பிறந்து வாடை வலுத்தது. மூன்று நாள் ஒரு படகும் போகவில்லை. நாலாம் நாள் காற்றுக் கொஞ்சம் தணிந்தது, முத்து போவதாகச் சொன்னான். ஆனால் அவன் பெட்டி இப்போது இஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் சீறியது. விஜயராகவன் கை இருக்கும்வரை அடங்கும், எடுத்தால் கத்தும். கண்ணப்பன் யோசித்தார். அவர் யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவரவர் நம்புவதை வைத்துத்தானே அவரவர் கணக்குப் போடுவார்கள்.

"சாரே, நாளைக்கு நீங்களும் கூட வந்துடுங்க. கைய வெச்சிக்கினு ஒக்காந்தா போதும். போய்ட்டு வந்துரலாம்."

புலி வாலைப் பிடித்த கதை. விஜயராகவனுக்கு நீச்சல் தெரியாது. ஏரியில் படகில் போனாலே கண்ணை மூடிக்கொள்கிறவர். அதைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் முகத்தில் இருந்த மரியாதை வாயை மூடியது. சரி என்றார்.

அன்று சாயங்காலம் கடையைக் கட்டும் நேரத்தில் சாமுண்டீஸ்வரி வந்து அவர் முன்னால் நின்றாள். காகிதத்தில் மடித்து ஒரு கெப்பாசிட்டர் கொண்டுவந்திருந்தாள். மிளகு பருமன் இருக்கும். அதன் கால்களை ஒட்ட வெட்டியிருந்தாள். பெட்டியின் அடியில் நாலு திருகுதான், பசையைச் சுரண்டினால் திறந்துவிடும், இதை ஐ.சி.யின் எந்தக் காலுக்கும் எந்தக் காலுக்கும் நடுவில் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னாள். பத்து நிமிஷ வேலை. அவள் கையைத்தான் ஊர் தொட விடாது, அவர் கையை யார் தடுக்கப் போகிறார்கள்.

"ஒங்க பேருக்கே செஞ்சிக்குங்க சார். கைராசின்னே சொல்லிக்கட்டும். எனக்கு எங்கண்ணன் திரும்பி வந்தா போதும்."

செய்கிறேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொய்யாகச் சொல்லவில்லை, அப்போது செய்யத்தான் நினைத்தார். ஆனால் அவள் விரல் விட்டுச் சொன்ன கால்களை அவர் கவனிக்கவில்லை. பன்னிரண்டு பெட்டிகளையும் திறந்தால் பன்னிரண்டு படகுக்காரர்களும் என்ன கேட்பார்கள் என்பதிலேயே மனசு சுற்றிக்கொண்டிருந்தது.

விடிகாலையில் குப்பத்துக் கரையில் கல்யாணக் கூட்டம். முத்துவின் மனைவி அங்காளம்மாள் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினாள். விஜயராகவன் கழுத்தில் கதம்ப மாலை விழுந்தது. திருப்புளி பைக்குள் இருந்தது, கெப்பாசிட்டரும் சட்டைப் பைக்குள் இருந்தது. இந்தக் கூட்டத்தின் நடுவில், கற்பூரம் காட்டிய பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, என் வேலையில் கோளாறு என்று எப்படிச் சொல்வது? போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். கடலுக்குப் போகிறவன் எவனும் அப்படி நினைக்க மாட்டான். அவர் நினைத்தார்.

வழக்கம்போலச் சின்னப்பனும் படகில் இருந்தான். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. நாலு தடவை வாந்தி எடுத்தார், கையை மட்டும் எடுக்கவில்லை. முத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தான், தன் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுவிட்டான். மீன் சுமாராகப் பட்டது. பத்து மணிக்கெல்லாம் காற்று திரும்பவும் ஏறியது. வலையை வாரிப் போட்டுக்கொண்டு முகத்துவாரத்துக்கு நேரே வந்து நின்றார்கள்.

"இரு முத்து. இன்னும் ரெண்டு வருது. இரு" என்றது பெட்டி. கண்ணப்பன் குரல் அத்தனை தெளிவு.

முத்து இஞ்சினை அடக்கிப் பிடித்தான். படகு ஏறி ஏறி இறங்கியது. ஓர் அலை பக்கவாட்டில் வந்து மோத, விஜயராகவன் பலகையிலிருந்து சறுக்கினார். பாதி உடம்பு படகுக்கு வெளியே போய் வந்தது. அவ்வளவுதான், இரண்டு கைகளாலும் குறுக்குச் சட்டத்தைக் கட்டிக்கொண்டார். பெட்டி சீற ஆரம்பித்தது.

"சார், கை" என்றான் முத்து.

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஒரு கையை விட்டு ஒரு முழம் நீட்டினால் போதும். அவர் தம் கைக்கு உத்தரவு போட்டார், கை கேட்கவில்லை. பிராணன் மேல் அத்தனை ஆசை. முத்து இரண்டாம் தடவையும் கூப்பிட்டான், மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. இரண்டு அலை போய்விட்டது என்று தானே எண்ணிப் பார்த்து இஞ்சினை முடுக்கினான். மணல்மேட்டில் கண்ணப்பன் இரண்டு கைகளையும் வீசி வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தார். சாரல் மறைத்தது. பின்னாலிருந்து வந்த அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கி, குறுக்கே திருப்பி, கவிழ்த்தது.

சின்னப்பன் விஜயராகவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து மணலில் போட்டான். திரும்ப ஓடியபோது படகு மேட்டில் குப்புறக் கிடந்தது. அதைப் புரட்ட ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள். முத்து அடியில் இருந்தான். அன்று சாயங்காலமே உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு பஞ்சாயத்துக் கூடியது. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். சின்னப்பன் எழுந்து, சார் கையை எடுத்துவிட்டார் என்றான். நான் பார்த்தேன் என்றான். எல்லாரும் விஜயராகவனைப் பார்த்தார்கள். முந்தாநாள் மாலை போட்ட கூட்டம் அதே கண்ணால் இப்போது வேறு மாதிரிப் பார்த்தது. ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டினான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் இனி வாய்க்காது. பெட்டி கெட்டது, அதைச் செய்தவன் நான், மருந்து என் சட்டைப் பையிலேயே இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அங்கேயே கொன்றுபோட்டிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். ஒருவேளை நிஜமும் அதுதான்.

"எடுத்தேன். கை வெச்சும் கேக்கலைன்னுதான் எடுத்தேன்" என்றார்.

கண்ணப்பன், அது எப்படிக் கேட்காமல் போகும், இத்தனை நாள் கேட்டதே என்றார்.

விஜயராகவன் தலையைக் குனிந்துகொண்டார். "வேற கை பட்டிருக்கணும்."

யார் கை என்று மூன்று பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். பார்த்ததே போதும், ஆனாலும் அந்த மனுஷன் அவள் பேரையும் சொன்னார். "ஈஸ்வரி கடையில பெட்டியத் தொட்டா. நான் பார்த்தேன்."

சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றாள். மூன்று நாளாக அழுத முகம். ஆனால் குரல் உடையவில்லை. அந்தப் பெட்டி யார் கை வைத்தாலும் அடங்கும், ராசி ஒன்றும் இல்லை, உள்ளே ஒரு சின்னச் சாமான் குறைகிறது, மற்ற பதினோரு படகுகளிலும் இதே கதைதான் என்றாள். பேச்சில் காட்ட முடியாது, ஒரு பெட்டி கொடுங்கள், இதே இடத்தில் கை வைத்துக் காட்டுகிறேன் என்றாள்.

ஒருவரும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்கள்? அவள் கை பட்டதால் ஒருத்தன் செத்தான் என்று இப்போதுதானே கேட்டார்கள். அவள் நிரூபிக்க வேண்டுமானால் தொட வேண்டும், தொட்டால் இன்னொரு படகு போகும். பெட்டி வைத்திருந்த பதினோரு பேரும் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அங்காளம்மாள் எழுந்து வீட்டுக்குப் போனாள். நாத்தனாரின் துணிப்பையையும் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையையும் தெருவில் கொண்டுவந்து போட்டாள். பஞ்சாயத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேலைகூட இல்லாமல் போனது.

விஜயராகவனுக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தார். எழுந்து நடந்தவரின் தோளில் கண்ணப்பன் கை விழுந்தது.

"ஒங்க கைல குத்தம் இல்லைன்னு ஆயிப்போச்சி சாரே. நாளைக்கு என் படகு போவுது. விடிய நாலு மணிக்கெல்லாம் வந்துடுங்க." பிறகு, நல்ல மனசோடு, இந்தத் தடவை கையை எடுக்க முடியாதபடி பெட்டியோடு சேர்த்து ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

விஜயராகவன் கடைத்தெருவுக்கு ஓடினார். பொன்னேரி பஸ் நின்றுகொண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மகள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பஸ்ஸைச் சுற்றி மீன்கூடைப் பெண்கள், குப்பத்து ஆட்கள், டீக்கடையில் மீன்பாடு முடித்து வந்தவர்கள். அவர் ஜன்னலுக்கு அடியில் போய் நின்று, வாய் அசையாமல் கேட்டார். எந்தக் கால் என்று மறந்துவிட்டது, எந்தக் காலுக்கும் எந்தக் காலுக்கும் நடுவில் என்று மட்டும் சொல்லிவிடு என்றார்.

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சொல்றேன் சார். அந்த டீக்கடைக்கு முன்னால போய் நின்னுக்கினு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேளுங்க."

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் எழுந்தார்கள். ஒருவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அவரும் வலது கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பி, மார்க்கெட் திருப்பத்தில் ஒரு மாட்டுக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. ஓடிப் போனால் பிடித்துவிடலாம். விஜயராகவன் நின்ற இடத்திலேயே நின்றார். மாடு நகர்ந்ததும் பஸ் போய்விட்டது.